உபயதாரர் மீது உட்கார்ந்த சம்பந்தியம்மா

1986ஆம் ஆண்டு ஜூன் 14, சனிக்கிழமை. வழக்கம்போல் எழுந்து, பல் தேய்த்து, பால்கனியில் மாட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்து நாட்குறிப்பில் எழுதிவிட்டுக் காபி போட்டேன். அடுத்து, நியூ ஜெர்சியில் நாங்கள் குடியிருந்த பிளெய்ன்ஸ்பரோ அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் இருந்த பொதுச் சலவை அறைக்குப் போய்த் துணிகளை எடுத்து வந்து, மடிப்புக் கலையாமல் அடுக்கினேன். (மற்றவர்கள் சுருட்டி எடுத்துப்போகும் துணியை நான் அங்கேயே நின்று கோடு பார்த்து மடிப்பதால் அந்தக் கட்டடத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. மரியாதையான பெயர் அல்ல.)

ஒழுங்கான மனிதன் செய்யும் நாசத்தை ஒழுங்கில்லாதவன் ஒருநாளும் செய்ய முடியாது. அவன் பாதியிலேயே மறந்துவிடுவான். ஒழுங்கானவன்தான் கடைசிவரை விடாமல் செய்து முடிப்பான்.

அப்போது எனக்கு முப்பத்துமூன்று வயது. ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. மனைவி வசந்தாவின் தங்கை ஹேமா எங்களோடு தங்கி மேற்படிப்பு முடித்திருந்தாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பொறுப்பை என் மாமனார் திருச்சியிலிருந்தபடியே என் தலையில் வைத்திருந்தார். அதற்குள் இரண்டு வரன்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று போயிருந்தார்கள். இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது கூட்டம் படியிறங்கியதும் ஹேமா சொல்லிவிட்டாள்: "இன்னும் ஒரே ஒரு தடவைதான் அத்தான். அதுக்கப்புறம் யார் வந்தாலும் ட்ரேய நீங்களே தூக்கிட்டுப் போய் நில்லுங்க."

மூன்றாவது வரன்தான் சேகர். டெக்சாஸில் பேர்லேண்டில் வீடு, ஹூஸ்டனில் எண்ணெய்க் கம்பெனி வேலை. அவனும் ஹேமாவும் போனில் இரண்டு முறை பேசியிருந்தார்கள். இரண்டாவது முறை பேசி முடித்தபின் ஹேமா பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடினாள். அவள் பாடி நாங்கள் கேட்டதே இல்லை. (கேட்டபிறகு காரணம் புரிந்தது.) ஆக, அவள் மனது எங்கே இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பாக்கி இருந்தது சேகரின் அம்மா தனலட்சுமி மட்டும். சென்னையிலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்த அந்த அம்மாள், மகனோடு எங்களுக்குப் பக்கத்தில் எடிசனில் ஒரு சிநேகிதர் வீட்டில் தங்கி ஹேமாவைப் பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு.

மாமனார் போனில் கத்தினார். (திருச்சியிலிருந்து நியூ ஜெர்சிக்குப் போன் கம்பி வழியாக அல்ல, குரல் வழியாகவே பேசலாம் என்பது அவர் நம்பிக்கை.) "மாப்பிள்ளை! இந்தத் தடவ வீட்டுக்குக் கூப்பிடாதீங்க! கோயில்ல எதேச்சையா பாத்த மாதிரி இருக்கட்டும்! புடிக்கலேன்னா சாமி கும்புட்டுட்டு அவங்கபாட்டுக்குப் போயிடுவாங்க. யாருக்கும் சங்கடமில்ல!"

நம் ஊரில் இது சுலபம். தெருவுக்கு ஒரு கோயில், கோயிலுக்கு நாலு தூண், தூணுக்கு ஒரு எதேச்சை. எங்களுக்கோ பக்கத்துக் கோயில் என்றால் நியூயார்க்தான். அங்கே போகும் சுரங்கப்பாதை நெரிசலில் என் பழைய கார் கொதித்து நிற்கும். என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பொது நூலகத்தில் ஒரு சுற்றுலாத் துண்டுப் பிரசுரம் கண்ணில் பட்டது.

இங்கிலாந்தில் ஏதோ ஒரு குக்கிராமத்தில் எண்ணூறு வருஷமாக மழையில் நனைந்துகொண்டிருந்த சின்னஞ்சிறு மாதா கோயில். பொத்தான் வியாபாரத்தில் பெரும்பணம் சேர்த்த நியூ ஜெர்சிக்காரர் ஒருவர் அதை அப்படியே விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்து, ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் கொண்டுவந்து, தன் சோளக்கொல்லைக்கு நடுவே மறுபடி கட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்ட மனிதர் என்றதும் எனக்கு அவர் மேல் பக்தியே வந்துவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். எண்ணூறு வருஷப் பழைய சந்நிதி. கூட்டம் கிடையாது. எதேச்சைக்கு இதைவிட நல்ல இடம் எது?

சேகருக்குப் போன் செய்தேன். பின்னால் அவன் அம்மா குரல் கேட்டது. "எவ்ளோ வருஷக் கோயில்னு கேளுடா."

"எண்ணூறு வருஷம்மா."

"நம்ம சோழர் காலமா! அப்ப சாந்நித்தியம் இருக்கும். நான் வேளாங்கண்ணிக்கே வருஷா வருஷம் போறவதானே? வரோம்னு சொல்லு."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சோளக்கொல்லை நடுவே, பட்டுப்புடவையும் நகையுமாக, நாங்கள் எதேச்சையாக நின்றுகொண்டிருந்தோம். ஹேமா மாம்பழ மஞ்சள் காஞ்சிபுரம் உடுத்தி, காலில் நாய் கடித்துப் போட்டது போன்ற ஓட்டப்பயிற்சி ஷூ மாட்டியிருந்தாள்.

"அத கழட்டிட்டு ஹீல்ஸ் போட்டுக்கோடி. அசிங்கமா இருக்கு" என்றாள் வசந்தா.

"புடவை கீழ வரைக்கும் இருக்குக்கா. அவங்க பொண்ணப் பாக்க வராங்களா, கால பாக்க வராங்களா?"

வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. சேகர் இறங்கினான். நெட்டையாக, கண்ணாடி போட்டு, ஒரு நல்ல செய்தியை மறந்துபோய் யோசித்துக்கொண்டிருப்பவன் போன்ற முகம். அவனுக்குப் பின்னால் தனலட்சுமி அம்மாள் அரக்குப் பட்டில் இறங்கினார். எங்களைப் பார்த்ததும் கையைக் கன்னத்தில் வைத்து வியந்தார்.

"அட! நீங்களும் இங்கதான் வந்திருக்கீங்களா? என்ன ஒரு அதிசயம்!"

அவர் இன்னொரு கையில் நான் வரைந்து அனுப்பியிருந்த வழிப்படம் இருந்தது.

கோயில் வாசலில் ஓடு வேய்ந்த ஒரு சிறு முகப்பு. அதில் நீளமாக ஒரு பெஞ்சு. அதன் மேல் காகிதப் பைகள், ஒரு விளக்குக் கூடு, இரண்டு பூந்தொட்டிகள். உள்ளே போயிருக்கும் பக்தர்களின் சாமான் என்று நினைத்துக்கொண்டேன். தனலட்சுமி அம்மாள் சட்டென்று நின்று தோல் செருப்பைக் கழற்றினார். அவர் கழற்றினால் நாங்கள் கழற்றாமல் இருக்க முடியுமா? எல்லாரும் கழற்றினோம்.

இங்கேதான் என் ஒழுங்கு வேலையைக் காட்டியது. செருப்புகளைத் தாறுமாறாக விட்டுப்போவது நம் குடும்பத்தைப் பற்றி என்ன சொல்லும்? ஐந்து ஜோடிகளையும் எடுத்தேன். என் கைக்குட்டையால் தூசி தட்டினேன். காலுறைகளைச் சுருட்டி ஷூக்களுக்குள் வைத்தேன். பிறகு, பெரியதிலிருந்து சிறியதுவரை, முன்பக்கம் வெளியே பார்க்குமாறு, பெஞ்சின் மேல் வரிசையாக அடுக்கினேன். ஹேமாவின் ஷூவை மட்டும் சம்பந்தி கண்ணில் படக்கூடாதென்று பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன்.

"தம்பி ரொம்ப நறுவிசு" என்றார் தனலட்சுமி அம்மாள். என் நெஞ்சு விம்மியது. அன்று அது விம்மியது அந்த ஒரு முறைதான்.

உள்ளே யாரும் இல்லை. வெளியே வெயில் இருந்தும் தரைக்கல் பாதத்தில் ஜில்லென்று ஏறியது. ஓர் ஓரத்தில் கல் மேடை மேல் ஒரு கல் மனிதர் மல்லாந்து படுத்து, மார்பில் கைகூப்பியிருந்தார். அம்மாள் நேராக அவரிடம் போனார்.

"பள்ளிகொண்ட கோலம்! பாத்தியா சேகர்? எல்லா ஊர்லயும் சாமி ஒண்ணுதான்." கன்னத்தில் போட்டுக்கொண்டு மேடையைச் சுற்ற ஆரம்பித்தார். கால்மாட்டுக்கு வந்ததும் நின்றார். "காலடியில நாய் படுத்திருக்கே தம்பி?"

பிரசுரத்தில் படித்தது நினைவிருந்தது. அவர் அந்தக் கிராமத்தின் நிலச்சுவான்தார். போருக்குப் போய்வந்து, காய்ச்சலில் இறந்தவர். நாய் அவருடையது. இதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் அந்த நொடியில்தான் உறைத்தது. இறந்தவரைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறார் மாப்பிள்ளையின் தாய், சுபகாரியத்துக்காக.

"வாகனமா இருக்கும்மா" என்றேன்.

"பைரவர் மாதிரி" என்று திருப்தியோடு மிச்ச இரண்டு சுற்றையும் முடித்தார்.

வசந்தா என் முழங்கையைக் கிள்ளினாள். "என்னங்க, கீழ பாருங்க" என்று பல்லிடுக்கில் சொன்னாள். பார்த்தேன். நாங்கள் நின்றிருந்த தரை முழுவதும் நீள்சதுரப் பலகைக் கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், லத்தீனில் சில வரிகள், தேய்ந்த எண்கள். அதாவது, ஓர் ஊரின் முக்கியஸ்தர்கள் அத்தனை பேரும் தலைமாடு கால்மாடாகப் படுத்திருக்க, நாங்கள் அவர்கள் மேல் வெறுங்காலுடன் உலாவிக்கொண்டிருந்தோம்.

தனலட்சுமி அம்மாளும் குனிந்து பார்த்தார். "என்ன தம்பி இது, தரையெல்லாம் பேரு?"

என் மூளை அதன் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை. "உபயதாரர்கள்மா."

"ஓ!" அவர் முகம் மலர்ந்தது. "நம்ம ஊர்ல டியூப்லைட்ல வெளிச்சமே வராத அளவுக்கு எழுதி வப்பாங்களே, அது மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"வருஷம்கூடப் போட்டிருக்கு. ஆனா ஏன் எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு வருஷம்?"

"அது... ரெண்டு தவணையா குடுத்திருப்பாங்க."

ஹேமா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. சேகர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக் கல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், காட்டிக்கொடுக்காமல் அடுத்த கல்லுக்கு நகர்ந்தான். அவன் மேல் எனக்கு அன்று ஏற்பட்ட அன்பு இன்னும் குறையவில்லை.

சாமி கும்பிட்டால் சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் வர வேண்டும். அம்மாள் அங்கிருந்த கற்களிலேயே பெரிதான, நல்ல வழவழப்பான உபயதாரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து "ரெண்டு முட்டியும் வலிக்குது" என்றபடி அவர் மீது சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஹேமாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, என்ன சமைக்கத் தெரியும் என்று கேட்டார்.

"ரசம் நல்லா வரும் ஆன்ட்டி. சாம்பார் அக்காதான் பண்ணுவா. மத்ததெல்லாம் டின்ல வரதுதான்."

"உண்மைய சொல்றா" என்று மகனைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கைப்பையைத் திறந்து, ஈரத்துணியில் சுற்றிய ரோஜாப்பூவும் வெள்ளிக் குங்குமச் சிமிழும் எடுத்தார். வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பூ வைத்துவிட்டால் முடிந்தது. சம்மதம் என்று அர்த்தம். சிமிழ் திறந்தது. மோதிர விரல் குங்குமத்தைத் தொட்டது.

அப்போது கதவு திறந்து ஊதாத் தொப்பி வைத்த ஓர் அமெரிக்கக் கிழவி உள்ளே வந்தார். மிஸஸ் டன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்பவர். எங்கள் வெறுங்கால்களைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். "இவ்வளவு மரியாதையோடு இங்கே யாரும் வந்ததில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தனலட்சுமி அம்மாளைப் பார்த்து அன்போடு, "நீங்கள் சர் ரோஜரின் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள். கவலைப்படாதீர்கள், இறந்தபின் அவர் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை" என்றார்.

விரல் அந்தரத்தில் நின்றது. "என்னடா சொல்றா இந்தம்மா?"

மறைக்கத் தெரிந்தவன் போல் இருந்த சேகருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "மா, இதெல்லாம்... சமாதியாம்மா."

"எது?"

"எல்லாமே."

"படுத்திருக்காரே, அவரு?"

"அவரும்தான்."

அம்மாள் எழுந்த வேகத்தை இரண்டு முட்டியும் வலிக்கிறது என்று கொஞ்சம் முன்னால் சொன்னவரிடம் நான் எதிர்பார்க்கவில்லை. சிமிழ் மூடிற்று. பூ பைக்குள் போயிற்று. "பொண்ணு பாக்கச் சுடுகாட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே, நல்லாயிருப்பீங்களா? ரெண்டு தவணையாம், ரெண்டு தவணை! சேகர், கிளம்பு. போனதும் குளிக்கணும்."

ஹேமா அந்தக் கல் மேலேயே உட்கார்ந்திருந்தாள். சிரிப்பெல்லாம் போய்விட்டது. "விடுங்க அத்தான்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பதில் அவள் என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

அம்மாள் முகப்புக்கு விரைந்தார். அங்கே திகைத்து நின்றார். பெஞ்சு காலி.

எதிரே புல்வெளியில், நாங்கள் உள்ளே இருந்த நேரத்தில், திருவிழாவே கூடியிருந்தது. மேசைகள், துணிக் குவியல்கள், பழைய பாத்திரங்கள். கோயில் கூரைப் பராமரிப்புக்காக ஊரார் கொடுக்கும் பழைய சாமான்களை விற்கிறார்கள். கொடுப்பவர்கள் அந்தப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போவது வழக்கமாம்.

மிஸஸ் டன் வாயைப் பொத்திக்கொண்டார். "அது உங்களுடையதா? நாங்கள் எல்லாரும் பேசிக்கொண்டோமே! தூசி தட்டி, காலுறை சுருட்டி, அளவு வாரியாக அடுக்கி... இத்தனை வருஷத்தில் இவ்வளவு ஒழுங்காக யாரும் தானம் கொடுத்ததில்லை. வைத்த உடனே விற்றுவிட்டது."

கோபித்துக்கொண்டு கிளம்புவதற்கும் காலில் செருப்பு வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன். வண்டி நிறுத்துமிடம்வரை கூரான சரளைக்கல். அம்மாள் ஒரு கால் வைத்துப் பார்த்து, "ஆ" என்று திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஒரே ஒரு ஜோடி தப்பியிருந்தது. ஹேமாவின் ஷூ. அதைக் காசு கொடுத்து வாங்க யாரும் தயாராக இல்லை. அவள் அதை மாட்டிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, யாரிடம் எதுவும் கேட்காமல் புல்வெளியில் ஓடினாள். சேகர் ஒரு கணம் அம்மாவைப் பார்த்தான். பிறகு வெறுங்காலோடு அவள் பின்னால் ஓடினான். சரளைக்கல் வந்ததும் கொதிக்கும் மணலில் நடப்பவன்போல் குதித்தான்.

மிச்சத்தைப் பின்னால் சேகர் வாயால்தான் கேட்டேன். தோல் செருப்பை வாங்கிய பெண்மணி காரில் ஏறப் போய்க்கொண்டிருந்தார். பூ வேலைப்பாடு பிடித்துப்போய், தரமாட்டேன் என்றாராம். ஹேமா மூச்சிரைக்க அவரிடம் சொல்லியிருக்கிறாள்: "ப்ளீஸ், அது இவரோட அம்மாவுது. அவங்க என்னை வேண்டாம்னு சொல்லிட்டாங்க. சொல்லிட்டுக் கிளம்பிப் போறதுக்கு அவங்களுக்கு அது வேணும்."

அந்தப் பெண்மணி செருப்பைக் கொடுத்துவிட்டு, சேகரைப் பார்த்து, "உனக்கு மூளை இருந்தால் இந்தப் பெண்ணை விடாதே" என்றாராம். சேகருக்கு மூளை இருந்தது.

இதற்கிடையே நான் பெஞ்சருகே நின்று சமாதானம் சொல்ல முயன்றேன். "நீங்க ஒண்ணும் பேசாதீங்க தம்பி" என்றார் அம்மாள். மிஸஸ் டன் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து கொடுத்தார். அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஹேமா திரும்பி வந்து செருப்பை அவர் காலடியில் வைத்தாள். "போட்டுக்கோங்க ஆன்ட்டி." பிறகு மிஸஸ் டன்னிடம் திரும்பி, நான் அத்தனை நேரமாகக் கேட்கத் தோன்றாத ஒரு கேள்வியைக் கேட்டாள். எலும்பெல்லாம் எங்கே இருக்கிறது?

"எலும்பா? ஐயோ, அதெல்லாம் இங்கிலாந்தில்தான். பாதிரியார் ஆட்களைத் தொடவே விடவில்லையாம். கப்பலில் கல் மட்டும்தான் வந்தது."

ஹேமா தமிழில் சொன்னாள். "ஆன்ட்டி, உள்ள யாருமே இல்ல. ஆள் எல்லாம் அங்கயேதான் இருக்காங்க. வந்தது வெறும் கல்லு."

அம்மாள் ஒரு செருப்பை மாட்டியபடி நிமிர்ந்தார். "நெசமாவா?"

"நெசமா. அத்தான் சொல்லல, அந்தம்மாவே சொன்னது."

எலுமிச்சைச் சாறு ஒரு மிடறு இறங்கிற்று. பிறகு அம்மாள் கேட்டார்: "ஏன், கல்லுக்கு மட்டும்தான் விசா குடுத்தாங்களாமா?"

முதலில் சிரித்தது சேகர். அப்புறம் ஹேமா. வசந்தா சிரித்துக்கொண்டே அழுதாள். நான் சிரிக்கலாமா என்று அனுமதிக்காகக் காத்திருந்தேன், கிடைக்கவில்லை.

"அம்மா, எனக்கு ஓகே" என்றான் சேகர்.

"உன்ன யாருடா கேட்டா? வெறுங்கால்ல அவ பின்னாடி ஓடினப்பவே தெரிஞ்சுபோச்சு." அம்மாள் பையைத் திறந்தார். "ஆனா இங்க வேணாம். கல்லோ ஆளோ, இந்த வாசல்ல வேணாம்." எல்லாரும் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனோம். என் பழைய காருக்கும் வாடகைக் காருக்கும் நடுவே, கிழக்கு எது என்று சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிற்கவைத்து, ஹேமாவுக்குக் குங்குமம் இட்டு, தலையில் ரோஜா வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒரே ஒரு கண்டிஷன். கல்யாண ஏற்பாடு எதுலயும் நீங்க கை வைக்கக் கூடாது."

மற்றவர்களின் காலணிகள் கிடைக்கவே இல்லை. மிஸஸ் டன் பிராயச்சித்தமாக விற்காத சரக்கிலிருந்து எங்களுக்கு எடுத்துக் கொடுத்தார். சேகருக்கு அடியில் ஆணி வைத்த கால்ஃப் ஷூ. வசந்தாவுக்கு முயல் காது வைத்த படுக்கையறைச் செருப்பு. எனக்குத் தோட்ட வேலைக்கான பச்சை ரப்பர் பூட்ஸ், முழங்கால்வரை. அதைப் போட்டுக்கொண்டு பிரேக் எது, ஆக்சிலரேட்டர் எது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் வீட்டுக்கு ஓட்டிவந்தேன்.

கண்டிஷன் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றப்பட்டது. திருச்சியில் நடந்த கல்யாணத்தில் மூத்த மாப்பிள்ளையான எனக்கு ஒதுக்கப்பட்ட ஒரே பொறுப்பு, மண்டப வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செருப்புகளைப் பார்த்துக்கொள்வது. அன்று தொடங்கியது, இன்னும் முடியவில்லை. பேர்லேண்டில் சேகர் பிறகு வாங்கிய புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கும் அதே நாற்காலி. எந்த விசேஷமானாலும் வாசல்படியில் கால் வைத்ததும் ஹேமாவின் பிள்ளைகள், "பெரியப்பா, யூ ஆர் ஆன் ஷூ டியூட்டி" என்று ஆங்கிலத்தில் அறிவித்துவிடுவார்கள். தனலட்சுமி அம்மாள் தன் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்து, "விக்காம வச்சிருங்க தம்பி" என்பார். கூட்டத்தில் புதிதாக யாராவது இருந்தால் முழுக்கதையும் சொல்லப்படும்.

ஜூன் 15, ஞாயிறு. உள்ளே எலும்பு இல்லை, தீட்டும் இல்லை என்று முதல் நாள் சாயங்காலம் நாங்கள் மூவரும் ஒருமனதாக முடிவு செய்து, அதைப் பற்றிப் பேசிச் சிரித்துவிட்டுத்தான் படுத்தோம். காலையில் விடியும் முன்பே விழிப்பு வந்தது. வெப்பமானியைப் பார்க்கவில்லை. நாட்குறிப்பைத் திறக்கவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் குளியலறைக்குப் போனேன், தலைக்கு ஊற்றிக்கொள்ள. எதற்கும் இருக்கட்டுமே. தரை ஏற்கெனவே ஈரமாக இருந்தது. கதவுக்கு வெளியே, தலையில் துண்டு முடிச்சோடு வசந்தா நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் தோளில் துண்டோடு ஹேமா.

"சீக்கிரம் வாங்க அத்தான்" என்றாள் ஹேமா. "சுடுதண்ணி தீந்துடும்."